ஒன்பது பேருக்கு எழுது

என் பெண்ணின் பெயருக்கு முதன்முதலாக வந்த தபால் அதுதான். மூன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளைக்கு யார் கார்டு போடப் போகிறார்கள்? தபால்காரர் வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் பாவாடை தடுக்கத் தடுக்க ஓடினாள். நான் கொல்லைக் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. இடுப்பில் கைக்குழந்தை, காலடியில் குடம், அடுப்பில் சோறு. "அம்மா, எனக்கு லெட்டர் வந்திருக்கு! எனக்கே எனக்கு!" என்று அவள் குதித்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. திருவெறும்பூர்ப் பக்கம் புதிதாக வந்த பெரிய தொழிற்சாலையில் என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்திருந்தது. குவார்ட்டர்ஸ் கொடுக்கிற வரைக்கும் இருப்போம் என்று ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். முன்கட்டில் வீட்டுக்கார மாமி. அவர்கள் கோயில் கைங்கரியக் குடும்பம். நாங்கள் லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். இவருக்கு வாராவாரம் ஷிப்ட் மாறும். ஒரு வாரம் விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும், இன்னொரு வாரம் பகலெல்லாம் வீட்டில் தூங்குவார், நாங்கள் மூச்சு விடக் கூடாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து தொழிற்சாலைக்கு இன்னொரு பஸ். அவர் வந்து சேரும்போது பேசத் தெம்பிருக்காது. எனக்குக் கேட்கத் தெம்பிருக்காது. அந்த வருஷங்களை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது அலுப்புதான். அப்படி ஒரு அலுப்பு.

கார்டை அவளே படிப்பேன் என்று அடம்பிடித்தாள். சரி, படி என்று அடுப்படியில் உட்கார்ந்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள்.

"ஸ்ரீரங்கநாதர் துணை. இந்தக் கடிதம் கிடைத்தவர்கள் இதே மாதிரி ஒன்பது பேருக்கு ஒரு எழுத்து விடாமல் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பினால் வீட்டில் இருக்கும் நோய் நொடி தீரும். ஒரு வியாபாரி எழுதி அனுப்பினார், அவருக்குப் புதையல் கிடைத்தது. ஒருவர் நம்பாமல் கிழித்துப் போட்டார், அவருடைய தாயார்..."

அங்கே நிறுத்தினாள். பிறகு மெதுவாகப் படித்தாள். "அவருடைய தாயார் ரத்தம் கக்கி இறந்தார்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. கார்டைப் பிடுங்கிப் பார்த்தேன். உள்ளே இருந்த எழுத்து குழந்தை எழுத்து, கோணல்மாணலாக. ஆனால் விலாசம் பெரியவர் கையெழுத்து. எங்கள் கதவு நம்பர், தெரு, எல்லாம் நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தது. ஒரு பெரிய மனுஷன், பிள்ளை குட்டி பெற்றவன், பக்கத்தில் உட்கார்ந்து இதற்கு விலாசம் எழுதிக் கொடுத்திருக்கிறான். நாசமாய்ப் போறவன் என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லிவிட்டுக் கார்டை அப்படியே அடுப்புக்குள் போட்டேன். சட்டென்று பற்றிக்கொண்டது.

பெண் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் இரண்டு தட்டு தட்டிச் சமாதானம் செய்திருப்பேன், விஷயம் அன்றோடு முடிந்திருக்கும்.

சத்தம் கேட்டு மாமி நடையில் வந்து நின்றாள். என்னடி, என்ன ஆச்சு என்று கேட்டாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கோபத்தில் ஒன்றுவிடாமல் சொன்னேன். மாமிக்குக் கார்டு எழுதினவன் பேரில் கோபம் வரவில்லை. அவளுக்கு வந்த பதற்றம் வேறு.

"பெருமாள் திருநாமம் எழுதின காகிதத்தையா அக்னில போட்டே? அபசாரம், அபசாரம்! காவேரில கொண்டுபோய் விட்டிருக்கணுமோன்னோ?"

அந்த வீட்டு வழக்கம் அது. கல்யாணப் பத்திரிகை, பழைய காலண்டர், அர்ச்சனைச் சீட்டு, எதுவானாலும் பெருமாள் பெயரோ படமோ இருந்தால் குப்பையில் போட மாட்டார்கள், அடுப்பில் போட மாட்டார்கள். நடையில் ஒரு துணிப்பை தொங்கும். அதில் சேர்த்து வைத்து, பை நிறைந்ததும் அம்மா மண்டபத்துக்கு எடுத்துப்போய் ஆற்றில் விடுவார்கள். எனக்கும் தெரியும். நானே அந்தப் பையில் எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். அன்றைக்குக் கை முந்திக்கொண்டது.

"அறியாம பண்ணிட்டே. பரவால்லை. தலைக்கு ஸ்நானம் பண்ணிட்டு, கொழந்தையையும் அழைச்சுண்டு போய்ப் பெருமாளைச் சேவிச்சு, க்ஷமிக்கணும்னு வேண்டிண்டு வா" என்றாள் மாமி. நல்ல மனசோடுதான் சொன்னாள். அவள் வீட்டில் குடியிருந்துகொண்டு, அவள் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டு, மாட்டேன் என்று சொல்ல முடியுமா? என் மனசிலும் உறுத்தல் இருந்தது, பொய் சொல்வானேன்.

சாயங்காலம் தலை முழுகி, குழந்தையை இடுப்பில் தூக்கி, பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வரிசை நகரவே இல்லை. கால் வலி உயிர் போனது. பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அந்த லெட்டர் பொய்தானே?"

"பொய்தான்."

"பொய்யின்னா நாம எதுக்கு மன்னிப்புக் கேக்க வந்திருக்கோம்?"

"சாமி பேரை எரிச்சதுக்குடி. லெட்டருக்காக இல்ல."

"அந்த லெட்டர்லதானே சாமி பேர் இருந்துச்சு? அப்ப அது சாமி லெட்டர்தானே?"

"உயிரை வாங்காம பேசாம வா" என்றேன். அவள் பேசாமல்தான் வந்தாள். ஆனால் அவள் மனசில் விஷயம் உறுதியாகிவிட்டது. லெட்டர் பொய் என்று சொன்ன அம்மாவே தலை முழுகிவிட்டு மன்னிப்புக் கேட்க ஓடுகிறாள் என்றால் அது எப்படிப் பொய்யாகும்? அம்மா சாகப் போகிறாள். பெரியவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது, நம்மிடம் மறைக்கிறார்கள். அந்தக் குருவித் தலைக்குள் இந்தக் கணக்குதான் ஓடியிருக்கிறது.

மறுநாள் ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்றாள். வயிற்றுவலி என்றாள். அதற்கு மறுநாளும் வயிற்றுவலி. நான் எங்கே போனாலும் பின்னாலேயே வந்தாள். கொல்லைக்குப் போனால் வெளியே நின்று, "அம்மா, இருக்கியா?" என்று கூப்பிடுவாள். மதியம் குழந்தைக்குப் பால் கொடுத்தபடி கொஞ்சம் கண் அசந்தால் என் மூக்குக்குக் கீழே ஏதோ குறுகுறுக்கும். விழித்துப் பார்த்தால் அவள் விரல். மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாளாம். கிடைக்கிற அந்த அரைமணித் தூக்கமும் போயிற்று. ஒருநாள் கையை ஓங்கிவிட்டேன். அவள் விலகவில்லை, அடித்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி நின்றாள். ஓங்கின கையைக் கீழே போட்டேன்.

வெற்றிலைதான் எல்லாவற்றையும் மிஞ்சியது. எனக்கு அப்போது சாப்பிட்டதும் வெற்றிலை போடுகிற பழக்கம். இருந்த ஒரே சுகம் அதுதான். சாக்கடை ஓரம் குனிந்து துப்பினேன். சிவப்பாக விழுந்ததைப் பார்த்தாளோ இல்லையோ, வீலென்று ஒரு அலறல். "அம்மா ரத்தம் கக்குறா! அம்மா ரத்தம் கக்குறா!" மாமி ஓடி வந்தாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள், ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த இவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். நான் வாயில் வெற்றிலையோடு நடுவில் நின்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பெண் மட்டும் என் காலைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வருமா? அன்றோடு வெற்றிலையை விட்டேன்.

"ஒம்பது கார்டுதானே? எழுதிப் போட்டுத் தொலையேன். புள்ள பயம் போனாச் சரி. மனுஷன் தூங்க வேணாமா?" என்றார் இவர், தலையைச் சொறிந்துகொண்டே.

"யாருக்குங்க போடச் சொல்றீங்க? இவ வயசுப் புள்ளைங்களுக்குத்தானே போவும்? ஒம்பது வீட்டுல ஒம்பது புள்ளைங்க இப்படி மூக்குல விரல் வெச்சுப் பாக்கணுமா? நான் பட்டது போதாதா?"

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"எழுதினவங்களைப் போய்க் கேக்கப் போறேன். பெத்தவங்க முகத்துக்கு நேரா நாலு வார்த்தை கேட்டாத்தான் எனக்கு ஆறும். இதெல்லாம் பொய்யின்னு அவங்க வாயாலயே இவகிட்டச் சொல்ல வெக்கிறேன்."

எழுதியது யார் என்று பெண்ணுக்கு முதலிலேயே தெரியும். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காருகிற சிநேகிதிதான். உங்க வீடு எங்கே, கதவு நம்பர் என்ன என்று எல்லாரிடமும் கேட்டுச் சிலேட்டில் எழுதிக்கொண்டு போனாளாம். வம்பு பிடித்த குடும்பம் என்று நினைத்தேன். இருக்கட்டும், நேரில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா மண்டபம் போகிற வழியில், ஒரு சந்துக்குள் இருந்தது அவர்கள் வீடு. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கும்போதே என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். நீங்கள்லாம் மனுஷங்கதானா என்று ஆரம்பிப்பது. உங்க புள்ளைக்கு எவனாவது இப்படி எழுதினா நீங்க சும்மா இருப்பீங்களா என்று அடுத்தது. பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

கதவு திறந்துதான் இருந்தது. வாசலிலேயே மருந்து வாடை. உள்ளே கயிற்றுக் கட்டிலில் ஒரு பெண்பிள்ளை படுத்திருந்தாள். என் வயசுதான் இருக்கும், ஒருவேளை இரண்டு மூன்று வயசு சின்னவளாகவும் இருக்கலாம். போர்வைக்குள் ஆள் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. கண் மட்டும் பெரிதாக இருந்தது. அவள் வீட்டுக்காரர் அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். சிநேகிதி தரையில் குப்புறப் படுத்துக் கார்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"வாங்க, வாங்க. உக்காருங்க" என்றாள் கட்டிலில் இருந்தவள். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. "என்னங்க, காபி போடுங்க அவங்களுக்கு. முதல் தடவையா வந்திருக்காங்க."

நான் பாடம் பண்ணிக்கொண்டு போன வார்த்தை ஒன்றாவது வாயில் வரவேண்டுமே. "இல்லீங்க, இந்தப் பக்கம் வந்தோம். உடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டேன், அதான் பாத்துட்டுப் போகலாம்னு" என்று உளறினேன். அவள் என் கைக்குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். தொடவில்லை. தொடலாமா என்று எனக்கும் தயக்கம், அவளுக்கும் தயக்கம்.

நான் கிளம்பியதும் அவர் வாசல் வரை கூட வந்தார். மெல்லிய குரலில், "உங்க வீட்டுக்கும் கார்டு வந்துச்சுங்களா?" என்றார்.

நான் தலையசைத்தேன்.

"நேத்துக்கூட ஒருத்தங்க வந்து சத்தம் போட்டுட்டுப் போனாங்க. அவங்க கேட்டதுல தப்பில்லீங்க. நாந்தான் கார்டு வாங்கிக் குடுத்தேன், விலாசமும் நாந்தான் எழுதினேன். டாக்டர் கையை விரிச்சுட்டாரு. புள்ளகிட்ட அதை எப்படிச் சொல்றதுங்க? யாருக்கோ வந்த கார்டைப் பாத்துட்டு வந்து, இத எழுதினா அம்மாவுக்குச் சரியாயிடும்ப்பான்னு நின்னா. எழுதுற நேரத்துல அழாம இருக்கா. அதுக்காகத்தான் விட்டேன். ஒம்பது எழுதி முடிச்சா, இன்னும் ஒம்பது எழுதறேங்கிறா."

வாழைக்காய் மண்டியில் வேலை பார்க்கிறவராம். ஒரு வாரமாக வேலைக்குப் போகவில்லை என்று அவராகவே சொன்னார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வரும்போது இருக்கிற அதே முகம். இந்த மனுஷனையா நாசமாய்ப் போறவன் என்றேன்?

உள்ளே சிநேகிதி என் பெண்ணிடம் கேட்டது காதில் விழுந்தது.

"நீ எழுதிப் போட்டியா? எல்லாரும் எழுதணும். வாங்கினவங்க எழுதாம விட்டா பலிக்காதாம்."

என் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் கட்டிலைப் பார்த்தாள்.

"எழுதிட்டேன். ஒம்பதும் போட்டுட்டேன்" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பினோம். ஒரு விஷயம் மட்டும் மாறியிருந்தது. அன்றைக்கப்புறம் என் மூக்குக்குக் கீழே விரல் வைப்பதில்லை. மறுநாள் ஸ்கூலுக்கும் போனாள். அப்பாடா, விட்டது என்று இவர் நிம்மதியாகத் தூங்கினார். எனக்குத் தெரியும், விடவில்லை என்று. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் முதல் கேள்வி, "அவங்கம்மாவுக்குத் தேவலையாம்மா?" என்பதுதான். எனக்கு எப்படித் தெரியும் என்பேன். கார்டு வாங்கித் தா, இப்பவாவது எழுதறேன் என்பாள். எழுதினால் இன்னொரு பிள்ளை பயப்படுமே என்பேன். "பயந்தா பரவால்லம்மா. சாவறதுதான் கஷ்டம்" என்பாள். எட்டு வயசுப் பிள்ளையிடம் நியாயம் பேசித் தோற்றுப் போகிற அலுப்பு இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. கடைசிவரை நான் வாங்கித் தரவில்லை.

சிநேகிதியின் அம்மா ஆடி பிறந்ததும் போய்விட்டாள். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருந்த நேரம். மாமிதான் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். என் பெண் கேட்டுக்கொண்டு தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். எங்கே போகிறாள் என்று பார்த்தால் அடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இல்லடி கண்ணு, அதனால இல்ல, அவங்களுக்கு நோய் முத்திப் போச்சு, நாம எழுதியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று என்னென்னவோ சொன்னேன். "சரிம்மா" என்றாள். அந்தச் சரியைக் கேட்க எனக்குச் சகிக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, காலையில் நான் தோசைக் கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது நடையில் நிழல் தெரிந்தது. அந்தச் சிநேகிதி. கையில் சீப்பும் இரண்டு ரிப்பனும்.

"அத்தை, தலை பின்னி விடுறீங்களா? அப்பாவுக்கு வரலை. ரெட்டைப் பின்னல் போடாம வந்தா டீச்சர் வெளிய நிக்க வெக்கிறாங்க."

எனக்கு அந்த நேரத்தில் சாகக்கூட நேரமிருக்காது. குழந்தை அழுகிறது, இவருக்குச் சாப்பாடு கட்ட வேண்டும், குழாயில் தண்ணீர் நின்றுவிடும். வா, உட்கார் என்றேன். பின்னிவிட்டேன். மறுநாளும் வந்தாள். அப்புறம் தினமும் வந்தாள். சலிப்பாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். சிக்கு விழுந்த முடி, எண்ணெய் காணாத முடி. ஒரு தலைக்குப் பதில் இரண்டு தலை. ஆனால் பின்னி முடிக்கிற வரைக்கும் அந்தப் பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருக்கும். என் பெண் எதிரே சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அவளுக்கு அந்த நேரத்தில் சாப்பாடு இறங்காது.

ஒருநாள் ஒரு பக்கம் பின்னி ரிப்பன் கட்டி முடித்திருந்தேன். அந்தப் பெண் தானாகவே பேச ஆரம்பித்தாள்.

"நான் ஸ்கூல்ல வேற யார்கூடவும் பேசறதில்ல அத்தை. எல்லாரும் அவங்கவங்க அம்மா கிழிச்சுப் போட்டுட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. இவ மட்டும்தான் எழுதினா. அதனால இவகூட மட்டும்தான் பேசுவேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் பெண் சுவரை விட்டு முன்னால் வந்தாள்.

"நானும் எழுதலை. எங்கம்மா அடுப்புல போட்டுட்டாங்க. உங்கம்மா படுத்திருந்ததைப் பாத்துட்டுத்தான் எழுதினேன்னு பொய் சொன்னேன்."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். எத்தனை நாள் அடக்கி வைத்திருந்தாளோ. பின்னாத பாதி முடி என் கையில் இருந்தது. அந்தப் பெண் எழுந்து ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். ஓடினால் எந்த முகத்தோடு போய் அவளைக் கூப்பிடுவேன்?

அவள் திரும்பக்கூட இல்லை. மடியில் வைத்திருந்த ரிப்பனை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடியும் சுற்றினாள்.

"அப்ப யாருமே எழுதலையா?" என்று கேட்டாள்.

பிறகு ரிப்பனைத் தோளுக்கு மேலே என்னிடம் நீட்டினாள்.

"இந்தப் பக்கம் இன்னும் பின்னலை அத்தை. நேரமாச்சு."

நான் பின்னிவிட்டேன்.